ஆவுடைத்தங்கத்தின் முகம்

கல்லடிப்புதூர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற ஆவுடைத்தங்கத்தின் முகம் ஒரு புரட்டாசி மாதத்தில் முழுசாகத் தேய்ந்து முடிந்தது. ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் புருவம் மெலிந்தது, பிறகு மூக்குத் தண்டும் கன்னத்து மேடும் தாழ்ந்தன, உதட்டின் வரம்பு கலைந்தது, கடைசியில் கண் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணும் வாய் இருக்கவேண்டிய இடத்தில் வாயும் இருந்தாலும் அவை இன்னாருடையவை என்று யாராலும் சொல்ல முடியாதபடி, பலகாலம் அரைத்த அம்மியைப் போல அந்த முகம் வழவழவென்று ஆகிவிட்டது. அவளால் பார்க்க முடிந்தது, பேச முடிந்தது, சாப்பிட முடிந்தது. ஆகவே ஆலையில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஏன் தேய்ந்தது என்று ஊர் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. விடியுமுன்னே கொதிகலன் முன்னால் நின்று, ஆவி பறக்கிற நெல்லை அள்ளிக்கொண்டுபோய்க் களத்தில் கொட்டி, உச்சிவெயிலில் அதைக் காலால் கிளறிவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பின் முன்னால் நின்று, புருசனுக்கும் மகளுக்கும் கொழுந்தன் பிள்ளைகளுக்கும் வடித்துக் கொட்டி, நாளெல்லாம் வேர்க்கிற முகத்தை முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தால் எந்த முகந்தான் தேயாது என்று களத்துப் பெண்கள் சொன்னார்கள். அவர்களும் அதே வெயிலில் அதே முந்தானையால் துடைக்கிறவர்கள்தான். சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கமாகப் போய்க் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் புருசன் கொம்பையா அதே ஆலையில் மூட்டை தூக்குகிறவன். சோற்றில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனுசன், பெண்டாட்டிக்கு முகம் இல்லாததை ஊரே பேசி ஓய்ந்த பிறகுதான் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தவன் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தான், பிறகு "தைலம் எதும் தேச்சியா?" என்று கேட்டான். மகள் கோமு மட்டும் பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அம்மாவின் கன்னத்தில் கை வைத்துத் தடவிப் பார்த்து அழுதாள். வைத்தியசாலையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். ரேஷன் கடையில் முகத்தைக் காட்டச் சொன்ன மிஷின் இவளைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் அணைந்துபோக, கடைக்காரர் "இனிமே மகள அனுப்பு தாயி" என்று சொல்லிவிட்டார். இப்படியாகக் கல்லடிப்புதூர் அந்த அதிசயத்துக்குத் தீபாவளிக்கு முன்பாகவே பழகிக்கொண்டது.

பழகாதவள் ஆவுடைத்தங்கம் ஒருத்திதான். முகம் போனதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை, அதை வைத்து அவள் எந்தக் கோட்டையையும் பிடிக்கப் போவதில்லை. ஆனால் போனது எப்படிப்பட்ட முகம் என்று ஒருநாள் அவிகிற நெல்லின் முன்னால் நின்று யோசித்தபோது அவளுக்கே ஞாபகம் வரவில்லை. கண்ணாடியை அவள் பார்த்தது பொட்டு நடுவில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கு மட்டுந்தான். அன்று முதல் அவள் கேட்க ஆரம்பித்தாள்.

முதலில் புருசனிடம் கேட்டாள். சாப்பிட்டு முடித்து அவன் கை கழுவுகிற நேரம் பார்த்து, "இந்தா பாருங்க, என் மொகம் எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"மொகமா? மொகம் மாதிரிதான் இருந்துச்சு."

"மூக்கு?"

"மூக்கும் இருந்துச்சு." அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். நல்லவன், உண்மையாகவே யோசித்தான். "என்னத்தச் சொல்ல? ஒன் புளிக்குழம்பக் கேளு, சொல்லுதேன். ஊருல எல்லார் வீட்டுக் குழம்பையும் வரிசையா வச்சி என் கண்ணக் கட்டிவிட்டாக்கூட ஒன் குழம்ப எடுத்துருவேன்."

அவன் அதை ஆசையாகத்தான் சொன்னான். அது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் வலித்தது.

கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தாள். தலையைக் குனி, தலையைக் குனி என்று அத்தைமார் எல்லாரும் சேர்ந்து அதட்டியதில் போட்டோவில் கல்யாணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியும் வகிடும் பூவும் மட்டும் விழுந்திருந்தன. கொழுந்தன் பெண்டாட்டியைக் கேட்டால், "ஒங்கள மாதிரி ஓடியாடி வேலை செய்ய ஆள் உண்டா மயினி" என்றாள். களத்துப் பெண்களைக் கேட்டால், "நீ சிரிச்சா களம் பூராம் கேக்குமே, அதுவே இப்பல்லாம் கேக்கல" என்றார்கள். கோமு அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்துவிட்டு, "நீ அம்மா மாதிரி இருந்தம்மா" என்றாள். எல்லாரும் அவளை அறிந்திருந்தார்கள், எல்லாருக்கும் அவள் வேண்டியவள்தான், ஆனால் இடது பக்கம் இப்படி இருந்தது, வலது பக்கம் அப்படி இருந்தது என்று சொல்ல ஊரில் ஒரு சீவன் இல்லை. அப்படி ஒரே ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மற்றதைத் தேய்ந்த முகத்தோடேயே சமாளித்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு இருந்தது. சொல்லுவாரில்லை. கேட்டுக் கேட்டு அலுத்து, கார்த்திகைக்கு அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

ஆலை முதலாளி வேலாண்டி அண்ணாச்சி, கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர், ரோட்டோரத்தில் மாடிவீடு கட்டிக்கொண்டிருந்தார். வீட்டு முகப்பில் கட்டியிருந்த திருஷ்டிப் பொம்மை ஐப்பசியிலேயே ஒருநாள் காற்றில் பிய்ந்துகொண்டு போய்விட்டது. அந்தச் சமயம் பார்த்து அரிசி கொண்டுவந்த ஆவுடைத்தங்கம் வாசலில் கொஞ்சநேரம் நிற்கவேண்டியதாயிற்று. ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து அத்தனை பேரும் வீட்டைப் பார்க்காமல் இவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அதுவரை ஏதாவது ஒன்று இடிந்துகொண்டும் யாராவது ஒருவர் சாரத்திலிருந்து விழுந்துகொண்டும் இருந்த அந்த வீடு அதற்கப்புறம் மளமளவென்று எழும்பிவிட்டது. பூசாரி கோமதிநாயகம் அதற்கு விளக்கம் சொன்னார்.

"கண்ணு ஒட்டணும்னா ஒரு மூக்கு முழி வேணும்லா அண்ணாச்சி. இவ மேல விழுந்தா வழுக்கிக்கிட்டுல்லா போயிரும்."

அவ்வளவுதான். ஊருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. புதுவீடு பால் காய்ச்சினால் வாசலில் முதலில் ஆவுடைத்தங்கம் நிற்கவேண்டும், ஆழ்துளைக் கிணறு போட்டால் மிஷின் பக்கத்தில் ஆவுடைத்தங்கம் நிற்கவேண்டும், புது டிராக்டர் வந்தால் எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக அதன் முன்னால் அவள் நிற்கவேண்டும், சடங்கான பெண்ணைப் பந்தலில் உட்காரவைத்தால் பெண்ணுக்கு முன்னால் ஒரு ஓரமாக அவள் நிற்கவேண்டும், மொட்டையடித்துக் காதுகுத்துகிற பிள்ளை அழகாக இருந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் தாய்மாமனுக்கு அடுத்தபடியாக அவள் நிற்கவேண்டும் என்று ஆகி, சந்தையில் பூசணிக்காய் விற்கிறவன் இவள் வீட்டுப் பக்கம் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போகிற நிலைமை வந்தது. யாரும் அவளைக் கேவலமாக நடத்தவில்லை. தேங்காய் கொடுத்தார்கள், சாப்பிடச் சொன்னார்கள், பந்தி முடிந்த பிறகு சொன்னார்கள். அவளும் போன இடத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"எங்க நிக்கணும்?"

காட்டிய இடத்தில் நிற்பாள். ஊர்க்கண்கள் அவள்மேல் வந்து விழும். வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று பூசாரி சொன்னது உண்மையில்லை. ஒவ்வொன்றும் ஒட்டத்தான் செய்தது. எங்கே ஒட்டியது, வலிக்கிறதா என்று கேட்கத்தான் ஆள் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தோள் இரண்டும் இறங்கிப்போய், நனைந்த சாக்கை உடுத்தியிருப்பவள் மாதிரி நடந்து வருவாள். வந்து அடுப்பின் முன்னால் நிற்பாள்.

முப்பிடாதியம்மன் கோயிலுக்கு மட்டும் அவள் யாரும் கூப்பிடாமல் போவாள். ஆலைக்குப் போகிற வழியில்தான் கோயில். அப்போது அம்மனுக்கு உருவம் கிடையாது, சுண்ணாம்பு அடித்த ஒரு மண்பீடம், அதற்கு ஒரு சிவப்புத்துணி, ஒரு மாலை, அவ்வளவுதான். பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு பெயர் நட்சத்திரம் கேட்பார். கொம்பையா, கோமு, கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி, பிள்ளைகள் என்று அவள் எல்லாப் பெயரையும் சொல்லுவாள். "ஒம் பேரு?" என்று அவர் கேட்டால், "அம்மன் பேருக்கே செஞ்சிருங்க" என்பாள். தனக்கென்று ஒன்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவார்கள். முகம் தேய்ந்த பிறகு ஒருநாள், பூசாரி திரும்பிய சமயத்தில், அவள் பீடத்திடம் குனிந்து, "ஒனக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். பீடத்துக்குக் கண் இல்லை. அவளுக்கு அதன்மேல் பாவமாகத்தான் இருந்தது, நாம் இரண்டு பேரும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பம்பாயிலும் துபாயிலும் பிழைக்கிற ஊர்க்காரர்கள் அம்மனுக்கு ஒரு கற்சிலை வேண்டும் என்று முடிவெடுத்து நாகலிங்க ஆசாரியிடம் சொல்லியிருந்தார்கள். மார்கழி முடிவில் சிலை வந்து இறங்கியது. நல்ல சிலை. கழுத்து வளைவும் கை விரலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தன. கண் மட்டும் திறக்கவில்லை, இமைக்குள் கல் கல்லாகவே கிடந்தது. தைமாதம் நாள் பார்த்து, சிலையைப் பீடத்தில் நிறுத்தி, திரைபோட்டு மறைத்து, பொன் ஊசியால் கோடு இழுத்து, சிற்றுளியால் கருவிழியைக் கடைசியாகத் திறக்கவேண்டும் என்பது முறை. திறந்த கண்ணின் முதல் பார்வை நெருப்பு மாதிரி. அது மனுசன்மேல் விழக்கூடாது. அதற்காகத்தான் எதிரில் கண்ணாடி வைப்பார்கள், கன்றோடு பசுவை நிறுத்துவார்கள், நெல்லைக் குவிப்பார்கள், சின்னப் பெண்பிள்ளைகளைச் சிங்காரித்து உட்காரவைப்பார்கள். குழந்தையும் பசுவும் கள்ளமில்லாததால் சாமிக்குக் கோபம் தணியும் என்று கணக்கு.

கமிட்டி கூடிப் பேசியது. கணக்கெல்லாம் சரிதான், யாருடைய பசு, யாருடைய பிள்ளை என்று வந்தபோதுதான் சிக்கல். பக்கத்து ஊரில் கண் திறந்தபோது ஆளுயரக் கண்ணாடி இரண்டாகப் பிளந்ததாம், எதிரில் நின்ற வேம்பு ஒரு பக்கம் கருகியதாம். கதையைச் சொன்னவர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளை பெற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பசு வைத்திருப்பவர் வேலாண்டி அண்ணாச்சி. வேளைக்கு ஒரு குடம் கறக்கிற மாடு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல் பார்வையத் தாங்கிக்கிட ஒரு ஆள் நின்னுட்டா, அதுக்கப்புறம் மாட்டையும் பிள்ளையையும் கொண்டாந்து நிப்பாட்டலாம்லா?"

"ஆள் நிக்கப்படாது அண்ணாச்சி" என்றார் நாகலிங்க ஆசாரி. "சாஸ்திரத்துல மனுசன் எதுக்க நிக்கப்படாதுன்னு இருக்கு."

"மனுசன்னா ஒரு மொகம் வேணும்லா ஆசாரியாரே. நம்ம ஆவுடைக்குத்தான் அது கிடையாதே."

கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். ஆசாரி சிரிக்கவில்லை. ஆனால் வெளியூர்க்காரர், வேலை முடித்து ஊர்போய்ச் சேரவேண்டியவர். அவர் வாயை மூடிக்கொள்ள, காரியம் முடிவாகிவிட்டது.

சேதி வீட்டுக்கு வந்தபோது கோமு பீடித்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எம்மா, அண்ணாச்சிக்குத் தன் மாட்ட நிப்பாட்ட மனசு வரல. நீ எதுக்குப் போவ?"

"மாட்டுக்குப் பால் இருக்குட்டி."

"ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

ஆவுடைத்தங்கம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க இனி ஒன்றுமில்லை, கைப்பழக்கம். "எல்லார் கண்ணும் என் மேல பட்டாச்சு கோமு. அவ கண்ணு ஒண்ணுதான் பாக்கி. பாத்துட்டுப் போறா" என்றாள். கொம்பையா வெளியே போய், கொஞ்சநேரம் கழித்துத் திரும்பி உள்ளே வந்தான். அண்ணாச்சியை எதிர்த்து அவன் பேசியதே இல்லை. அன்று ராத்திரி அவன் சாப்பிடாமல் படுத்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் காலையில் நல்ல வெயில். மேளம் நின்றது. திரைக்கு எதிரில் ஆவுடைத்தங்கத்தை நிறுத்தினார்கள், "எங்க நிக்கணும்?" என்று கேட்டு அவள் நின்றாள். பிறகு பார்வை தவறிக்கூடத் தங்கள்மேல் பட்டுவிடக்கூடாதென்று அண்ணாச்சியும் பூசாரியும் கமிட்டியும், பம்பாயிலிருந்து வந்தவர்களும் துபாயிலிருந்து வந்தவர்களும், களத்துப் பெண்களும், பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக்கொண்ட தாய்மாரும், தூணைப் பிடித்துக்கொண்ட கொம்பையாவும், அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்ட கோமுவும், ஊரே ஒட்டுமொத்தமாக அம்மனுக்கும் ஆவுடைத்தங்கத்துக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. உளிச்சத்தம் மட்டும் கேட்டது. கடைசித் தட்டுக்கு முன்னால் ஆசாரி, "எம்மா, நான் விலகுதேன். நீ கண்ண மூடிக்கோ" என்றார். அவள் மூடவில்லை. தைரியம் ஒன்றும் இல்லை, கண்ணை மூடக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது. கடைசித் தட்டும் விழுந்து, திரை விலகியது.

அம்மன் பார்த்தாள்.

நெருப்பு வரவில்லை. ஊர்க்கண்கள் வந்து விழுவதுபோல அந்தப் பார்வை வந்து விழவும் இல்லை. வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒருத்தியைச் சந்தையில் கண்டுகொண்டால் ஒரு பார்வை வருமே, இந்தா இங்கே இருக்கிறாளே என்று, அப்படி அது வந்தது. வந்து முதலில் இடது புருவத்தில் நின்றது, நின்ற இடத்தில் புருவம் முளைத்தது, சின்ன வயதில் அம்மை போட்டு விட்டுப்போன ஒரு தழும்பு அதன் நுனியில் இருந்ததும், அதைத் தாய் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. பார்வை மூக்குக்கு இறங்கியது, முதலில் தப்பாகக் குத்தித் தூர்ந்துபோன மூக்குத்தித் துளையும் பிறகு சரியாகக் குத்தியதும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்தன. கன்னத்துக்குப் போனது, ஒரு கன்னம் மட்டும் சிரிக்கும்போது லேசாகக் குழிகிறதை அவளே அறிந்ததில்லை, அம்மன் அறிந்திருந்தாள். உதட்டுக்கு வந்தது, மேல்பல் ஒன்று கோணலாக எட்டிப்பார்ப்பதும், அதை மறைக்கப் பள்ளிக்கூட நாளில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும், பிறகு வேலைச் சுமையில் மறைக்க மறந்துபோனதும், அதற்கும் பிறகு சிரிக்கவே மறந்துபோனதும் ஒவ்வொன்றாக வந்தன. பார்வை தங்கிய இடமெல்லாம் முகம் ஆனது, எங்கும் அது அவசரப்படவில்லை, எதையும் திருத்தவில்லை, கோணலைக் கோணலாகவும் தழும்பைத் தழும்பாகவும் வைத்து, எல்லாம் இருக்கிறதா என்று ஒருதரம் சரிபார்த்துக்கொண்டு, கடைசியில் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. தோளில் இருந்த பாரம் இறங்கியது. பிறகு அம்மன் அவள் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டு இன்னும் ஒரு வார்த்தை சொன்னாள், மெதுவாக, வீட்டுப்பேச்சில்.

ஆவுடைத்தங்கம் உட்கார்ந்தாள். கோயிலுக்குள் யாரும் செய்யாதபடி, சாமிக்கு நேராக இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அழுதாள். எத்தனை வருச அழுகை என்று அவளுக்கே தெரியாது, சத்தமில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

ஊர் திரும்பியது. நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை, முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை சன்னதியில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள்.

"யாரு தாயி நீ?" என்று பதறினார் வேலாண்டி அண்ணாச்சி. "காலை மடக்கு. இங்க நின்ன பொம்பளய எங்க?"

"நாந்தான் அண்ணாச்சி."

"ஆவுடைக்கு மொகம் கிடையாதே."

"இப்ப இருக்கு."

அண்ணாச்சி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "இவதான் ஆவுடைன்னு யாராவது சொல்லுங்கய்யா." யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாதென்று இல்லை, ஒருவருக்கும் தெரியவில்லை. கொம்பையாவைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவன் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான், "எங்கயோ பாத்த மொகமாத்தான் இருக்கு" என்றான், சொன்னதும் அவன் வாய் கோணியது, துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டான். கோமு அவனைத் தாண்டிவந்து அம்மாவின் எதிரில் மண்டிபோட்டாள்.

"எம்மா, ஒனக்குப் பல்லு கோணலா?"

"ஆமாட்டி. எனக்கே மறந்துபோச்சு."

கோமு அழுதுகொண்டே சிரித்தாள். அப்போது அவளுடைய ஒரு கன்னம் மட்டும் குழிந்ததை ஆவுடைத்தங்கம் பார்த்தாள்.

"அதெல்லாம் சரிம்மா" என்றார் அண்ணாச்சி விடாமல். "நீதான் ஆவுடைன்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியலையே."

"ஊருக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னாள். "அவளுக்குத் தெரியும்."

இதற்கும் ஊர் பழகிக்கொண்டது. முதலில் கொஞ்சம் ஏமாற்றந்தான். அம்மனின் முதல் பார்வை பட்ட முகம் என்றால் பார்த்தவர்கள் மயங்கி விழவேண்டாமா, இது சாதாரணமாக அல்லவா இருக்கிறது, தெருவுக்கு நாலு இருக்குமே இந்த மாதிரி என்று பேசிக்கொண்டார்கள். பிறகு கொண்டுவந்து நிறுத்திய மாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடியும் பிளக்கவில்லை. பூசணிக்காய் வியாபாரி அம்மனுக்கு மாலை வாங்கிச் சாத்திவிட்டுப் போனான். ரேஷன் கடை மிஷின் புது முகத்தையும் ஏற்றுக்கொள்ளவில்லை, கோமுதான் போகவேண்டியிருந்தது. கொம்பையா சாப்பிடும்போது அடிக்கடி தலையைத் தூக்கிப் பெண்டாட்டியைப் பார்க்க ஆரம்பித்தான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி, மறுபடியும் கேட்டால் சொல்லவேண்டுமே என்ற பயத்தோடு. அவள் கேட்கவில்லை.

ஆலையில் நெல் அவிந்தது. அவள் கொதிகலன் முன்னால் நின்றாள், களத்தில் கிளறினாள், அதே முந்தானையால் அதே மாதிரி துடைத்தாள், உடம்பு அதே மாதிரி வலித்தது. முகம் மட்டும் தேயவில்லை. விடியும்போது கோயிலுக்குப் போய், பூசாரி பெயர் கேட்டால் எல்லாப் பெயரோடும் தன் பெயரையும் முழுசாகச் சொல்லி, அம்மனுக்கு எதிரில் காலை நீட்டிக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் வேண்டிக்கொள்ள மாட்டாள். பூசாரி இரண்டுதரம் கடிந்து பார்த்தார், மூன்றாந்தரம் ஓரமாகத் தட்டை எடுத்துக்கொண்டு சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்.

மாசியில் அண்ணாச்சி தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். இறக்கிய இடமெல்லாம் பாறை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு வந்தார். ஆவுடைத்தங்கம் உட்கார்ந்திருந்தாள்.

"ஆவுடை, மொகம் வந்தா வந்துட்டுப் போவுது. நீ நின்னு பழகின ஆளு. செத்த வந்து மிஷின் பக்கத்துல நில்லு."

அவள் எழுந்திருக்கவில்லை. நெடுநாள் பழக்கத்தில் "எங்க நிக்கணும்?" என்ற கேள்வி வாய்வரை வந்தது, வந்து கோணல் பல்லில் தட்டி நின்றது. அம்மனைப் பார்த்தாள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, ஒரு கன்னம் குழியச் சிரித்தாள்.

"இல்ல அண்ணாச்சி. என்னைய உக்காரச் சொல்லியிருக்கா."